ஹின்ஸ்டேல் 1988: எரியாத ஃபியூஸ், எரிந்த எக்ஸ்சேஞ்ச்

1988 மே 8, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் அன்று அன்னையர் தினம். தொலைபேசிகள் ஓயாமல் ஒலிக்கும் நாள். சிகாகோவின் மேற்குப் புறநகரான ஹின்ஸ்டேலில் இல்லினாய் பெல் நிறுவனத்துக்கு இரண்டு தளங்கள் கொண்ட ஒரு தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் கட்டடம் இருந்தது. அந்த வார விடுமுறையில் அங்கே ஆள் இல்லை. மாலையில் அதன் கீழ்த்தளத்தில், ரேக்குகளுக்கு மேலே ஓடிய கேபிள் தட்டுகளில் தீப்பிடித்தது. சுமார் 35,000 சந்தாதாரர்களின் இணைப்பு போயிற்று. அது வெறும் உள்ளூர் எக்ஸ்சேஞ்ச் அல்ல; சுற்றுவட்டார எக்ஸ்சேஞ்சுகளை ஒன்றோடொன்று இணைக்கும் டிரங்க் சர்க்யூட்டுகளும் ஒளியிழைத் தடங்களும் வந்து கூடும் மையம். அதனால் ஓஹேர், மிட்வே விமான நிலையங்களின் தகவல் தொடர்பு, பேஜர், செல்பேசி, அவசர அழைப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பாதிப்பு பரவியது. முழுச் சேவை திரும்பச் சில வாரங்கள் பிடித்தன.

தீ நேரடியாகத் தின்றது கீழ்த்தளத்தின் ஒரு பகுதியைத்தான். மிச்சத்தைப் புகை பார்த்துக்கொண்டது.

அலாரம் அடிக்காமல் இல்லை. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் ஏறத்தாழ 300 கி.மீ. தள்ளி, ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த கண்காணிப்பு மையம். அங்கிருந்து தீயணைப்பு நிலையத்துக்கு உடனே சொல்லாமல், போய்ப் பார்க்க ஒரு பணியாளரை ஏற்பாடு செய்தார்கள். அவர் வந்து சேர்ந்தபோது கட்டடத்தில் புகை, தொலைபேசியும் செத்துவிட்டது. சாலையில் வந்த வாகன ஓட்டி ஒருவர் மூலம்தான் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லி அனுப்ப முடிந்தது.

மாநிலத் தீயணைப்புத் தலைமை அலுவலகத்துக்கும் இல்லினாய் வணிக ஆணையத்துக்குமாக நடந்த விசாரணையின் இறுதி அறிக்கை 1989-இல் வெளிவந்தது. மிகவும் சாத்தியமான காரணமாக அது சொன்னது இது: காப்பு (இன்சுலேஷன்) சேதமான ஒரு நேர்மின்சார (டி.சி.) பவர் கேபிளும், அதே தட்டில் கிடந்த ஓர் ஆர்மர்டு கேபிளின் (உலோகக் கவசம் போட்ட கேபிள்) உறையும் தொட்டுக்கொண்டன; அந்தத் தொடுகையில் ஓடிய மின்னோட்டம் ஃபியூஸை எரிக்கப் போதவில்லை; ஆனால் பக்கத்துக் கேபிள்களின் காப்பைக் கொளுத்தப் போதுமான வெப்பத்தைத் தந்தது.

எர்த்திங் (உலோகத்தை மண்ணோடு இணைப்பது), பாண்டிங் (உலோகப் பாகங்களை ஒன்றோடொன்று கம்பியால் கட்டுவது) வேலை பார்ப்பவர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான். மின்னோட்டம் கூடிப்போய்த் தீப்பிடிக்கவில்லை. கூடாமல் நடுத்தரமாக நின்றதால் பிடித்தது. கீழே வரும் ஓம், ஆம்பியர் கணக்குகள் ஹின்ஸ்டேலில் அளந்தவை அல்ல. அந்த வகைப் பழுது எப்படி வேலை செய்கிறது என்று காட்ட, வழக்கமான பொருள்களின் அளவை வைத்துப் போட்டவை.

மைனஸ் 48 வோல்ட்: தொடலாம், ஆனால் எரிக்கும்

உலகெங்கும் பெரும்பாலான எக்ஸ்சேஞ்சுகள் மைனஸ் 48 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுகின்றன. நம் ஊர் டவர் அடியில் உள்ள கேபினெட்டிலும் அதே 48தான். 2 வோல்ட் ஈய அமில செல்கள் 24 தொடராக நிற்கும். மிதவைச் சார்ஜில் (பேட்டரியை எப்போதும் நிறைவாக வைத்திருக்கும் சார்ஜ்) செல்லுக்கு 2.17 முதல் 2.25 வோல்ட் வைத்தால் மொத்தம் 52 முதல் 54 வோல்ட். பிளஸ் முனையை எர்த்தோடு கட்டுகிறார்கள். மண்ணுக்குள் ஓடும் செம்புக் கம்பி மண்ணைவிட எதிர்மின் அழுத்தத்தில் இருந்தால், ஈரம் புகுந்தாலும் கம்பி கரையாது. பிளஸ்ஸில் இருந்தால் மின்பகுப்பில் அரித்துப் போகும். செம்புக் கேபிள் காலத்துக் காரணம்தான், ஆனால் வழக்கம் இன்றும் மாறவில்லை.

பிளஸ் எர்த்தில் இருப்பதால், கட்டடத்தில் எர்த் ஆன எந்த உலோகமும் பேட்டரியின் ஒரு முனை என்றே எண்ண வேண்டும். தட்டு, ரேக், தண்ணீர்க் குழாய், ஆர்மர் உறை எல்லாம் சேர்த்தி. காப்பு உரிந்த மைனஸ் கேபிள் இவற்றில் எதைத் தொட்டாலும் அது ஷார்ட் சர்க்யூட்.

60 வோல்ட்டுக்குக் குறைந்த நேர்மின்சாரம் என்பதால் தொட்டால் ஆபத்தில்லை என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். அந்த வகைப்பாடு மனித உடம்புக்கு மட்டும். செம்பு முனைகளுக்கிடையே ஆர்க் (இடைவெளியைத் தாண்டித் தொடர்ந்து எரியும் மின்பொறி) நிலைக்கச் சுமார் 13 வோல்ட் போதும். மாறுமின்சாரத்தில் ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் மின்னோட்டம் பூஜ்யத்தைத் தொடுவதால் ஆர்க் அணைய ஒரு வாய்ப்பு உண்டு. நேர்மின்சாரத்தில் அந்த வாய்ப்பே இல்லை. பின்னால் நிற்பதோ பல ஆயிரம் ஆம்பியரைக் கணத்தில் கொட்டக்கூடிய பேட்டரி வங்கி.

ஃபியூஸ் ஏன் சும்மா இருந்தது

மின்சாரம் படிப்படியாகப் பிரிகிறது. பேட்டரியிலிருந்து முதன்மைப் பஸ்பார் (மின்சாரத்தைப் பகிரும் தடித்த செம்புப் பட்டை). அங்கிருந்து சில நூறு ஆம்பியர் ஃபியூஸ்கள் வழியாக விநியோகப் பலகை. அதிலிருந்து ரேக்குக்கு ரேக் 30, 60 ஆம்பியர். ரேக்குக்குள் 5, 10 ஆம்பியர். ரேக் மட்டத்தில் பழுது வந்தால் சிறிய ஃபியூஸ் பட்டென்று போய்விடும். ஆபத்து மேல்மட்டத்தில் இருக்கிறது. முதன்மைப் பலகைக்கும் விநியோகப் பலகைக்கும் இடையே தட்டில் போகும் தடித்த கேபிளுக்குக் காவல் 400 அல்லது 600 ஆம்பியர் ஃபியூஸ். பேட்டரிக்கும் முதன்மைப் பஸ்பாருக்கும் நடுவே பல நிலையங்களில் ஃபியூஸே கிடையாது.

400 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழைய பாணி ஆர்மர்டு கேபிளின் உறை, எஃகுக் கீற்றைச் சுருளாகச் சுற்றியது. வெளிவிட்டம் 13 மி.மீ., கீற்று 10 மி.மீ. அகலம், 0.6 மி.மீ. தடிமன் என்று கொண்டால் குறுக்குப் பரப்பு 6 ச.மி.மீ. புதிதாக இருக்கையில் சுற்றும் சுற்றும் ஒன்றையொன்று தொட்டிருக்கும். மின்னோட்டம் நேராகத் தாவிப் போகும். ஆண்டுகள் ஆக ஆக மடிப்புகளில் துருவும் ஆக்சைடும் படியும். அப்புறம் மின்னோட்டம் கீற்றின் நீளம் முழுக்கச் சுற்றிச் சுற்றித்தான் போக வேண்டும். ஒரு மீட்டர் உறையில் 100 சுற்று. கீற்றின் நீளம் சுமார் 4 மீட்டர். எஃகின் மின்தடை செம்பைப்போல் எட்டொன்பது மடங்கு. கணக்குப் போட்டால் மீட்டருக்கு 0.1 ஓம் வருகிறது.

பழுதான இடத்திலிருந்து எர்த் ஆன பெட்டிவரை 5 மீட்டர் உறை இருந்தால் 0.5 ஓம். 52 வோல்ட்டை 0.5-ஆல் வகுத்தால் 104 ஆம்பியர். 400 ஆம்பியர் ஃபியூஸுக்கு இது சாதாரண லோடு. நாள் முழுக்க ஓடினாலும் அசையாது. ஆனால் அந்த 5 மீட்டர் உறையில் பிறக்கும் வெப்பம் 5.4 கிலோவாட், அதாவது மீட்டருக்கு ஒரு கிலோவாட்டுக்கு மேல். பி.வி.சி. கேபிள் கட்டுகளுக்கு நடுவே மின் அடுப்பின் சுருளைச் செருகி வைத்த கதை.

இதில் இன்னொரு சிக்கல். எஃகு சூடேறினால் அதன் தடை கூடும். 300 டிகிரி ஏறினால் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். மின்னோட்டம் 50 ஆம்பியருக்குக் கீழே இறங்கும். வெப்பம் இரண்டு கிலோவாட்டுக்கு மேலேயே நிற்கும். பழுது முற்ற முற்ற ஃபியூஸ் எரியும் எல்லையிலிருந்து விலகிப்போகிறது. “பொறுத்திருந்தால் ஃபியூஸ் போய்விடும்” என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமே இல்லை.

இப்போது அதே 5 மீட்டருக்கு இணையாக 16 ச.மி.மீ. செம்புக் கம்பி ஒன்றை முறையாகக் கட்டியிருந்தால்? கம்பியின் தடை 5.4 மில்லி ஓம். பேட்டரியின் உள்தடை 4, ஃபீடர் கேபிள் 2, மூட்டுகள் எல்லாம் சேர்ந்து 1 என்று வைத்தால் மொத்தம் 12.5 மில்லி ஓம் அளவு. மின்னோட்டம் 4,160 ஆம்பியர். ஃபியூஸின் மதிப்பைப்போல் பத்து மடங்கு. ஃபியூஸ் விநாடியின் சிறு பின்னத்தில் போய்விடும். அதற்குள் கம்பி தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். கம்பி எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்கிடும் குணகம், பி.வி.சி. காப்பிட்ட தனிச் செம்புக் கம்பிக்கு 143. அதைப் பரப்பு 16-ஆல் பெருக்கி, 4,160-ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தினால் 0.3 விநாடி. ஃபியூஸின் நேர வளைகோட்டில் 4,160 ஆம்பியருக்கு 0.3 விநாடிக்குக் குறைவாக இருந்தால் 16 ச.மி.மீ. போதும்; இல்லையென்றால் 25-க்கோ 35-க்கோ போக வேண்டும். கம்பியின் தடிமனைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வது இந்தத் தொழிலில் பரவலான கெட்ட பழக்கம்.

தொடுகையே அரைகுறையாக இருந்து ஆர்க் மட்டும் எரிந்தால், எவ்வளவு நல்ல பாண்டிங்கும் முழுக் காப்பாகாது. ஆர்க் தன் பங்குக்கு 20 வோல்ட்டை விழுங்கிவிடும். ஆனாலும் மீதி 32 வோல்ட்டுக்குத் தடை குறைந்த பாதை இருந்தால் மின்னோட்டம் ஆயிரங்களில் பாய்ந்து, தொடும் முனை உருகி ஒட்டிக்கொள்ளும். அல்லது ஃபியூஸ் போகும். தடை கூடிய பாதையில் அது நிதானமாக எரிந்துகொண்டே இருக்கும்.

எர்த் பிட் இதில் எங்கே வருகிறது?

வரவே இல்லை. இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. ஆய்வுக்கு வருபவர் முதலில் கேட்பது எர்த் பிட்டின் (எர்த் மின்முனையைப் புதைத்த குழி) ஓம் மதிப்பு. 5 ஓமுக்குக் கீழே இருந்தால் டிக் போட்டுவிட்டுப் போகிறார். அந்த 5 ஓம் வழியாக மைனஸ் 48 வோல்ட் பழுது திரும்பினால் ஓடுவது 10 ஆம்பியர். பாடுபட்டு 1 ஓமுக்குக் கொண்டுவந்தாலும் 52 ஆம்பியர்தான். 400 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டையும் கண்டுகொள்ளாது.

எர்த் மின்முனையின் வேலை வேறு: மின்னல், வெளிக் கேபிளில் உயர் அழுத்த மின்கம்பி விழுவது, கட்டடத்துக்கும் மண்ணுக்கும் இடையே அழுத்தம் ஏறுவது. உள்ளே நடக்கும் பழுது திரும்ப வேண்டியது பேட்டரிக்கு; மண்ணுக்கு அல்ல. அந்தத் திரும்பு பாதை முழுக்க உலோகமாக இருக்க வேண்டும். மண் எவ்வளவு ஈரமாக இருந்தாலும், உப்பும் கரியும் எவ்வளவு கொட்டினாலும், அது செம்புக்கு ஈடாகாது.

மின்னலுக்குக்கூட ஓம் மதிப்பு பாதிக் கதைதான். நேரான கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோ ஹென்றி மின்தூண்டல் உண்டு. மைக்ரோ விநாடிக்கு 10 கிலோ ஆம்பியர் ஏறும் அலை வந்தால், ஒவ்வொரு மீட்டரிலும் 10 கிலோவோல்ட் விழும். அதனால்தான் கம்பி குட்டையாக, நேராக, வளைவு பெரிதாக இருக்க வேண்டும் என்கிறார்கள். வளைவின் ஆரம் 200 மி.மீ.க்குக் குறையக்கூடாது. மிச்சக் கம்பியை வட்டமாகச் சுருட்டிக் கட்டி வைத்திருப்பதைப் பார்த்தால் வெட்டிக் குறையுங்கள்.

உறையைக் கட்டுவது எப்படி

ஆர்மர்டு கேபிளோ இரும்புக் குழாயோ, இரண்டு முனையிலும் கட்டப்பட வேண்டும். ஒரு முனை மட்டும் கட்டினால் மறுமுனையில் பழுது வரும்போது முழு நீளமும் பாதையாகிவிடும். இரு முனையிலும் கட்டினால் மின்னோட்டம் இரண்டாகப் பிரிகிறது. பெட்டியில் நுழையும் இடத்தில் வெறும் லாக்நட்டை நம்பக்கூடாது. பெட்டியின் மேல் பெயின்ட் இருக்கும், அது காப்பு. பெயின்டைச் சுரண்டி, பளபளப்பான உலோகம் தெரிந்ததும் ஆக்சைடு தடுக்கும் பசை தடவி, பல் வாஷர் வைத்து இறுக்க வேண்டும். அதற்கு மேல், கிளாண்டின் (பெட்டியில் நுழையும் கேபிளைப் பிடிக்கும் பொருத்தி) எர்த் வளையத்திலிருந்து தனிச் செம்புக் கம்பி ஒன்று எர்த் பஸ்பாருக்குப் போக வேண்டும். ஆர்மரின் எஃகைக் கடத்தியாக எண்ணாதீர்கள்; மேலே போட்ட கணக்கு அதற்குத்தான். பிற்காலத்து ஆர்மர்டு கேபிள்களில் சுருளுக்குள் மெல்லிய அலுமினியக் கீற்று ஒன்று நெடுக ஓடும். அது சுற்றுகளைக் குறுக்காக இணைத்துச் சுருள் விளைவை ஒழிக்கிறது. நூறு ஆம்பியர்களைச் சுமக்க வந்ததல்ல.

எர்த் கம்பியையே இரும்புக் குழாய்க்குள் போட்டால், 1 மீட்டருக்கு மேல் நீளமுள்ள குழாயின் இரு முனையிலும் கம்பியைக் குழாயோடு கட்ட வேண்டும் என்று அமெரிக்கத் தொலைத்தொடர்புத் துறை அமைப்பான டி.ஐ.ஏ.வின் 607 தரநிலை கேட்கிறது. கட்டாவிட்டால் குழாய் ஒரு சோக் காயில்போல நின்று, திடீர் அலையை மறித்துவிடும். முடிந்தால் பி.வி.சி. குழாயே போடுங்கள்; வேலையும் குறையும்.

முதன்மை எர்த் பஸ்பார் 6 மி.மீ. தடிமன், 100 மி.மீ. அகலச் செம்பு; தளங்களில் உள்ள துணைப் பஸ்பாருக்கு அகலம் 50 மி.மீ. போதும். சுவரிலிருந்து இன்சுலேட்டர்மேல் விலகி நிற்க வேண்டும். லக் (கம்பி முனையில் மாட்டும் துளையுள்ள இணைப்பி) இரண்டு துளை கொண்டதாக இருக்கட்டும். ஒரு துளை லக் திரும்பும், திரும்பினால் தளரும். அதைக் கம்பியோடு நசுக்கிப் பிடிக்க (கிரிம்ப் செய்ய) ஹைட்ராலிக் கருவியும் அந்த அளவுக்குரிய டையும் வேண்டும். சுத்தியலால் தட்டிய லக்கை இழுத்தால் கையோடு வரும். ஒரே போல்ட்டில் இரண்டு லக்கை அடுக்காதீர்கள்: ஒன்றைக் கழற்ற வேண்டி வந்தால் மற்றதும் எர்த் இழக்கும். தளத்திலிருந்து தளத்துக்குப் போகும் பாண்டிங் முதுகெலும்புக் கம்பிக்கு நீளத்தைப் பொறுத்து அளவு கூடும். 4 மீட்டருக்குள் 16 ச.மி.மீ. போதும், 20 மீட்டரைத் தாண்டினால் 95 ச.மி.மீ. பக்கம் போய்விடும்.

பஸ்பாரில் யார் எங்கே உட்காருவது என்பதற்கும் வரிசை உண்டு. ஒரு கோடியில் திடீர் அலையைக் கொண்டுவருபவை: வெளிக் கேபிள் நுழைவறையின் எர்த், ஜெனரேட்டர் சட்டம் (ஃபிரேம்). அடுத்து அலையை உறிஞ்சுபவை: எர்த் மின்முனை, கட்டடத்தின் எஃகு, தண்ணீர்க் குழாய். பிறகு சாதாரண ரேக்குகள், பேட்டரி ரிட்டர்ன் (பேட்டரியின் பிளஸ்ஸுக்குத் திரும்பும் கம்பி). மறுகோடியில், கீழே விளக்கும் தனிமைப்படுத்திய ஸ்விட்ச்சின் (அழைப்புகளை இணைக்கும் கருவி) எர்த். மின்னல் ஒரு கோடியில் வந்து பக்கத்திலேயே இறங்கிவிட்டால், எலக்ட்ரானிக்ஸ் இருக்கும் பக்கம் பஸ்பாரின் வழியே மின்னோட்டம் ஓடாது. 100 மி.மீ. அகலப் பஸ்பாரில் இதற்கு என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். அழுத்த வேறுபாட்டின் அளவு சிறிதுதான். ஆனால் இந்த ஒழுங்கைக் கைவிட்ட பஸ்பாரில் எது எங்கே போகிறது என்று பத்து வருடம் கழித்து யாருக்கும் தெரியாது. என் பார்வையில் இந்த வரிசையின் பெரிய பயன் அதுதான்.

தனிமைப்படுத்திய ஸ்விட்ச்சும் அதன் முரணும்

எலக்ட்ரானிக் ஸ்விட்ச்சுகள் வந்தபோது, அவற்றின் சட்டங்களைக் கட்டடத்தின் மற்ற உலோகத்திலிருந்து பிரித்து, ஒரே இடத்தில் மட்டும் எர்த்தோடு சேர்க்கும் முறை பரவியது. அந்த ஒரே இடத்துக்கு எர்த் ஜன்னல் என்று பெயர். உள்ளே போகும் ஒவ்வோர் உலோகப் பாதையும் பேட்டரி ரிட்டர்ன், மாறுமின்சார (ஏ.சி.) கேபிளின் குழாய், கேபிள் ஷீல்டு உட்பட அந்த ஜன்னலின் சுமார் 1 மீட்டர் ஆரத்துக்குள் கட்டப்பட்டே உள்ளே நுழைய வேண்டும். ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.டி.யு.வின் கே.27 பரிந்துரை இதையும், எல்லாவற்றையும் வலைபோலப் பிணைக்கும் முறையையும் வகைப்படுத்தி விவரிக்கிறது.

தனிமைப்படுத்தும் முறையில் ஆர்மர்டு கேபிள்தான் பெரிய வில்லன். ரேக்கின் மேல் ஒரு விளக்கோ பிளக் பாயிண்டோ வைக்க எலக்ட்ரீஷியன் ஆர்மர்டு கேபிளை இழுத்து, தட்டில் கிளிப் போட்டுவிட்டால் தனிமை அன்றோடு தீர்ந்தது. ஸ்விட்ச் வழக்கம்போல் ஓடும்; யாருக்கும் தெரியாது. மின்னல் வரும் நாளில் சட்டத்தின் வழியே மின்னோட்டம் ஓடி, கார்டுகள் போகும். ‘எல்லாவற்றையும் கட்டு’ என்ற விதியும் ‘இதை மட்டும் தொடாதே’ என்ற விதியும் ஒரே தட்டில் சந்திக்கின்றன. தீர்வு, ஏ.சி. ஆர்மர்டு கேபிளுக்கும் நேர்மின் பவர் கேபிளுக்கும் ஒரே தட்டைத் தராமலிருப்பது. அவை ஒன்றையொன்று தொடவே வாய்ப்பில்லை என்றால் மேலே போட்ட கணக்குக்கே தேவையில்லை. குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும் என்றால் நடுவே காப்புத் தகடு வைத்து, இரண்டையும் தனித்தனியே கட்ட வேண்டும்.

தனிமைப்படுத்திய சட்டத்துக்கும் பக்கத்திலுள்ள வேறு உலோகத்துக்கும் ஒரே நேரத்தில் கை எட்டுமானால், அதாவது இடைவெளி 2 மீட்டருக்குள் இருந்தால், அங்கே ஆளுக்கு ஆபத்து. அப்படிப்பட்ட பக்கத்துத் தூண், குழாய், கதவுச் சட்டம் எல்லாவற்றையும் ஜன்னலிலிருந்து வரும் கம்பியோடு கட்டுவது வழக்கம்.

பார்த்துக் கண்டுபிடிப்பது

நின்று எரியும் பழுதை முன்கூட்டியே பிடிக்க மலிவான கருவி நேர்மின் கிளாம்ப் மீட்டர். மாறுமின்சாரம் மட்டும் காட்டும் கிளாம்ப் இதற்கு உதவாது. ஹால் சென்சார் உள்ளது வேண்டும்.

1. பேட்டரி ரிட்டர்ன் பஸ்பாருக்கும் எர்த் பஸ்பாருக்கும் இடையே உள்ள ஒற்றை இணைப்பைக் கண்டுபிடியுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் முதல் குறையைப் பிடித்துவிட்டீர்கள்.

2. மீட்டரைப் பூஜ்யப்படுத்தி, அந்த இணைப்பில் மாட்டுங்கள். ரிட்டர்னைத் தனிக் கம்பியாகவே கொண்டுவரும் நிலையத்தில் இங்கே நேர்மின்னோட்டம் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஓர் ஆம்பியரைத் தாண்டினால் காரணம் தேடாமல் விடக்கூடாது. பத்து ஆம்பியர் என்றால் எங்கோ மைனஸ் கேபிள் உலோகத்தைத் தொட்டிருக்கிறது. அல்லது ஒரு ரேக்கின் ரிட்டர்ன் சட்டத்தோடு சேர்ந்திருக்கிறது.

3. அங்கிருந்து கிளை கிளையாகப் போங்கள்: தளத்துப் பஸ்பார், தட்டின் பாண்டிங், ஒவ்வோர் ஆர்மர் உறை. மின்னோட்டம் எந்தக் கிளையில் போகிறது என்று பின்தொடர்ந்தால் பழுது கைக்கு வரும்.

4. அதே தடத்தைத் தெர்மல் கேமராவால் பாருங்கள், உச்ச லோடு நேரத்தில். பளபளக்கும் செம்பு கேமராவை ஏமாற்றும். மூட்டின்மேல் கறுப்பு டேப் ஒட்டிப் பாருங்கள்.

5. மூட்டுகளை நாலு கம்பி மைக்ரோ ஓம் மீட்டரால் அளந்து, அதே நீளக் கம்பியின் தடையோடு ஒப்பிடுங்கள். பஸ்பாருக்கும் உபகரணத்துக்கும் இடையே மொத்தம் 0.1 ஓமைத் தாண்டினால் தேறாது. நல்ல வேலையில் அது சில மில்லி ஓம்தான் வரும்.

இரண்டாம் படிக்கு ஒரு விலக்கு. ஐரோப்பிய முறையில் பல இடங்களில் ரிட்டர்னை ஒவ்வொரு ரேக்கிலும் சட்டத்தோடு சேர்த்தே கட்டுகிறார்கள். அங்கே பாண்டிங் கம்பியில் நேர்மின்னோட்டம் ஓடுவது இயல்பு. கிளாம்ப் மீட்டர் எதையும் நிரூபிக்காது. எந்த முறையில் கட்டிய நிலையம் என்று வரைபடத்தைப் பார்க்காமல் அளக்கத் தொடங்கினால் நாள் முழுக்க இல்லாத பழுதைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.

ஓடும் நிலையத்தில் எர்த் இணைப்பைக் கழற்றி எர்த் பிட்டை அளக்கவே கூடாது. கழற்றிய கணத்தில் அலை ஒன்று வந்தால் அது உங்கள் கை வழியாகப் போகும். கழற்றாமல் அளக்கும் கிளாம்ப் வகை எர்த் டெஸ்டர் வசதிதான். ஆனால் வலைபோலப் பிணைத்த கட்டடத்தில் அது மண்ணை அளக்காது, செம்பு வளையத்தை அளந்து 0.1 ஓம் என்று அழகாகக் காட்டும். அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதிப் பெருமைப்பட்டவர்கள் பலர்.

பழைய கேபிளை உருவும்போது

கேபிள் காப்பு தானாகச் சேதமாவது அரிது. தட்டில் புதைந்த செத்த கேபிளை இழுக்கும்போதுதான் உயிருள்ள கேபிள் உராய்கிறது. பழைய அமெரிக்க எக்ஸ்சேஞ்சுகளின் பவர் கேபிள் ரப்பர் காப்பின்மேல் பருத்திப் பின்னல் போட்டது. பின்னல் கிழிந்து, நாள்பட்டு விறைத்த ரப்பர் வெடித்தால் செம்பு வெளியே தெரியும். ஆர்மரின் வெட்டுமுனை கத்திபோல இருக்கும்.

ஆகவே செத்த கேபிளை இழுத்து உருவாதீர்கள். இரு முனையிலும் அளந்து மின்சாரம் இல்லை என்று உறுதி செய்து, தட்டிலேயே துண்டு துண்டாக வெட்டி மேலே தூக்கி எடுங்கள். அடியில் சிக்கியிருந்தால் விட்டுவிட்டு, முனையை மூடி, அட்டை கட்டி, வரைபடத்தில் குறியுங்கள். தட்டின் கம்பி விளிம்புகளில் ஃபைபர் தாள் செருகுங்கள். கருவிகளின் கவ்வும் முனையைத் தவிர மற்ற உலோகத்துக்கு டேப் சுற்றுங்கள். வேலை முடிந்ததும் கிளாம்ப் மீட்டர் எண்ணைத் தொடங்கும் முன் எடுத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் அன்று இரவு அந்தக் கட்டடத்தைப் பூட்டிவிட்டுப் போகக்கூடாது.

புகையும் மின்சாரத் துண்டிப்பும்

பி.வி.சி. பிசினின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு. தீயணைப்புத் தண்ணீரோடும் காற்றின் ஈரத்தோடும் சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். துத்தநாகம் பூசிய தட்டில் படிந்தால் ஈரத்தை இழுக்கும் துத்தநாக குளோரைடு. நெருப்பு தொடாத ரேக்கின் ரிலே முனையும் கார்டின் செம்புத் தடமும் இப்படித்தான் போகின்றன. 1975 பிப்ரவரி 27-இல் நியூயார்க்கின் இரண்டாம் அவென்யூ எக்ஸ்சேஞ்சில் கேபிள் நிலவறையில் பிடித்த தீ சுமார் 1,70,000 தொலைபேசிகளை ஊமையாக்கியபோதே இந்தப் புகையின் குணம் தெரிந்திருந்தது. தீக்குப்பின் முதல் வேலை கட்டடத்தின் ஈரப்பதத்தைக் குறைப்பது. கழுவுவதும் துடைப்பதும் அப்புறம்.

ஹின்ஸ்டேலில் தீயணைப்பு வீரர்கள் திணறியதற்கு ஒரு காரணம், மின்சாரத்தை அணைக்க முடியாமல் போனது. மின்வாரிய இணைப்பைத் துண்டித்தால் ஜெனரேட்டர் வரும். அதையும் நிறுத்தினால் பேட்டரி நிற்கும். எக்ஸ்சேஞ்ச் என்பதே மின்சாரம் போகாதபடி வடிவமைத்தது. தட்டில் பழுது எரிந்துகொண்டிருக்கும்வரை நீர் அடித்து அணைத்த இடம் மறுபடி பற்றும். தொலைத்தொடர்பு நிலையங்களுக்கென வந்த அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் தரநிலை 76 இதனால்தான் துண்டிப்பு முறையை முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்கிறது.

எழுத வேண்டியது ஒரு பக்கம்தான். முதலில் ஜெனரேட்டரின் தானியங்கித் தொடக்கத்தைப் பூட்டுவது, அடுத்து ஏ.சி. வரத்தைத் துண்டிப்பது, பிறகு ஒவ்வொரு பேட்டரி வரிசையின் துண்டிப்பு ஸ்விட்ச். ஸ்விட்ச் இல்லாத பழைய நிலையமானால், எந்தச் செல்களுக்கு இடையிலான இணைப்புப் பட்டையை எந்த அளவு ஸ்பேனரால் கழற்றுவது என்பது. லோடு ஓடும்போது பட்டையைக் கழற்றினால் ஆர்க் அடிக்கும், பக்கத்தில் ஹைட்ரஜன் இருக்கும். அதனால் லோடைக் குறைக்க எந்த ஃபியூஸ்களை எந்த வரிசையில் உருவுவது என்பதும் அதே பக்கத்தில் வர வேண்டும். தாள் இருக்க வேண்டிய இடம் கதவுக்கு வெளியே, தீயணைப்பு நிலையத்தில் ஒரு நகலோடு. காப்புப் பிடியுள்ள ஸ்பேனர் பேட்டரி அறை வாசலிலேயே தொங்க வேண்டும். அலாரம் எங்கே போனாலும், புகை என்று வந்த சமிக்ஞைக்கு முதல் அழைப்பு உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்துக்கு, அந்த எக்ஸ்சேஞ்ச் வழியாகப் போகாத ஒரு தடத்தில் போக வேண்டும்.